ஒரு மாகாணமே கூடி நோயை வென்ற கதை

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பதை நாம் எல்லோரும் பள்ளிப் பருவத்திலேயே எழுதிப் பழகியவர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நானும் அதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தச் செல்வத்தைத் தனி ஒருவர் முயன்று மட்டும் சேர்த்துவிட முடியுமா? வீடும் கடையும் பள்ளியும் மருத்துவமனையும் ஒன்றுகூடித் திட்டமிட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பின்லாந்து நாட்டின் வட கரேலியா மாகாணம் நல்ல சான்று. பக்தப் பெருமக்களும் உபயதாரர்களும் அறியவேண்டிய வரலாறு அது.

மாகாணம் விடுத்த வேண்டுகோள்

வட கரேலியா, ரஷ்ய எல்லையை ஒட்டிய பகுதி. காடும் ஏரியும் நிறைந்தது. 1970-களின் தொடக்கத்தில் அங்கு ஏறத்தாழ 180,000 பேர் வாழ்ந்தனர். மாடு வளர்ப்பதும் மரம் வெட்டுவதும் அவர்களில் பலருடைய தொழில். உடலுழைப்புக்குக் குறைவில்லை. ஆயினும் குடும்பத்தைத் தாங்கும் வயதிலேயே ஆண்கள் மாரடைப்பால் மாண்டனர். 1958-இல் தொடங்கிய 'ஏழு நாடுகள் ஆய்வு' இதய நோயில் கிழக்குப் பின்லாந்தே முன்னிற்கிறது என்று காட்டியது.

1971-இல் மாகாண ஆளுநரும் மக்கள் பிரதிநிதிகளும் கையெழுத்திட்டு, "எங்கள் மக்களைக் காப்பாற்ற ஏதேனும் செய்யுங்கள்" என்று அரசாங்கத்திடம் மனுக் கொடுத்தனர். மறு ஆண்டே திட்டம் தொடங்கியது. முப்பது வயதுகூட நிரம்பாத மருத்துவர் பெக்கா புஸ்கா அதற்குத் தலைமை ஏற்றார்.

முதலில் கணக்கெடுத்தார்கள். ஆண்களில் 52 விழுக்காட்டினர் புகைபிடித்தனர். ரொட்டியில் தடிமனாக வெண்ணெய், குடிக்கக் கொழுப்பு நிறைந்த பால், உணவில் மிகுந்த உப்பு. காய்கறியைக் கால்நடைத் தீவனம் என்று ஒதுக்கியவர்களும் இருந்தார்கள்.

யார் யார் கைகோத்தார்கள்?

மருத்துவர் "வெண்ணெயைக் குறை" என்று சொல்லலாம். வீட்டிலும் கடையிலும் விருந்திலும் வெண்ணெயே இருந்தால் அந்த மனிதர் எதைத்தான் உண்பார்? இதை உணர்ந்ததால், நோயாளியை மட்டும் திருத்த முயலாமல் அவர் வாழும் சூழலையே மாற்ற முற்பட்டார்கள்.

சுகாதார நிலையத் தாதியர் இரத்த அழுத்தம் உள்ளோரைக் கண்டறிந்து தொடர்ந்து கவனித்தனர். பத்திரிகைகளும் வானொலியும் செய்தியைப் பரப்பின. 'மார்த்தா' என்னும் இல்லத்தரசிகள் அமைப்பு ஊர் ஊராக 'நீண்ட ஆயுள் விருந்து' நடத்தியது. கரேலியாவின் பாரம்பரியக் குழம்பையே இறைச்சியைக் குறைத்து, கிழங்கும் காய்கறியும் கூட்டிச் சமைத்துப் பரிமாறினார்கள். ஊராரின் மதிப்பைப் பெற்றவர்களுக்குப் பயிற்சி அளித்து, அக்கம்பக்கத்தாரிடம் பேச வைத்தார்கள்.

எதிர்ப்பும் எழாமல் இல்லை. வெண்ணெயைக் குறைத்தால் மாட்டுப் பண்ணையாளர்களின் பிழைப்பு என்னாவது? அவர்களின் கவலையில் நியாயம் இருந்தது. எனவே 1980-களில் குளிர்நாட்டில் நன்கு விளையும் பெர்ரிப் பழங்களைப் பயிரிடவும் விற்கவும் உதவும் திட்டம் உருவானது. ஒருவர் நலனுக்காக இன்னொருவர் வயிற்றில் அடிக்கக்கூடாது என்ற அந்த நினைப்பு நம் கவனத்துக்குரியது.

கண்ட பலன்

ஐந்து ஆண்டுகளுக்குப் பின் இம்முறை நாடெங்கும் விரிந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் கணக்கெடுத்தார்கள். 35 முதல் 64 வயது வரையிலான ஆண்களில் 100,000 பேருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 670 பேர் இதய நோயால் இறந்த நிலை மாறி, 2006-இல் அது ஏறத்தாழ 100-ஆகக் குறைந்தது. அதாவது 85 விழுக்காடு சரிவு. ஒப்பீட்டுக்காக வைத்திருந்த பக்கத்து மாகாணத்திலும் இறப்பு குறைந்தது; மருத்துவமும் முன்னேறியது. எனவே எல்லாப் பெருமையும் இத்திட்டத்துக்கே உரியது என்று சொல்வதற்கில்லை. எனினும் புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றும் குறைந்ததே பெருங்காரணம் என்பது ஆய்வாளர் முடிவு.

நமக்கு என்ன பாடம்?

நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் உள்ளது. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அதிகம்.

இதை எழுதும்போது என் தம்பியின் நினைவு வருகிறது. அவருக்குப் பல ஆண்டுகளாக இனிப்பு நீர். எங்கள் குடும்ப உபயத்தன்று ஒவ்வோர் ஆண்டும் பாயசத்தை அவர் கையில் கொடுத்தவன் நானே. "சாமி பிரசாதம், ஒன்றும் செய்யாது" என்றும் சொல்வேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய ஒரு கால் எடுக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு கிண்ணப் பாயசத்தால் வந்ததன்று அது. ஆனால் வீட்டில், கல்யாணத்தில், கோயிலில் என்று போகுமிடமெல்லாம் என்னைப் போன்ற ஒருவர் அன்போடு நீட்டிக்கொண்டே இருந்தால், அவர் எத்தனை முறைதான் மறுப்பார்?

சென்ற ஆண்டு நிர்வாகக் குழுவில் அன்னதானத்தில் இனிப்பைக் குறைக்கும் பேச்சு எழுந்தபோது, "உபயதாரர் மனம் கோணும்" என்ற தயக்கத்தில் அது அப்படியே நின்றுபோனது. நானும் வாய் திறக்கவில்லை. இப்போது மூன்று கருத்துகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

ஒன்று: அடுக்களைத் தாய்மார்கள், உபயதாரர்கள், இளைஞர் பிரிவினர், அருகிலுள்ள கிளினிக்கின் தாதியர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து பேச வேண்டும். சமைப்பவரைக் கேட்காமல் எடுக்கும் முடிவு அடுப்புவரை வராது.

இரண்டு: சுவாமிக்குரிய நைவேத்தியம் வழக்கப்படியே நடக்கட்டும். பிரசாதத்தைச் சிறிதளவாக வழங்குவோம். பந்தியில் காய்கறி கூடட்டும். தண்ணீர்ப் பந்தலில் சிராப்புக்குப் பக்கத்தில் உப்புக் குறைந்த மோரும் வெறும் தண்ணீரும் இருக்கட்டும்.

மூன்று: திருவிழா நாளில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதித்துக் கணக்கு வைப்போம். அளந்து பார்க்காமல் வளர்ச்சி தெரியாது என்பது ஆசிரியர்கள் அறிந்த உண்மை.

இவ்வாண்டு எங்கள் குடும்ப உபயத்தில் பாயசம் இல்லை. இரண்டு காய்கறிக் கூட்டு உண்டு. முதல் பந்தியில் தம்பியின் அருகில் அமர்ந்து நானும் உண்பேன். அன்பர்கள் அனைவரும் வந்திருந்து சிறப்பிக்க வேண்டுகிறேன்.