கொடைக்காக எண்ணும் தேதி

பொருநைக் கரைப் பெண்கள் – 11

போன வாரம் சடங்கு வீட்டு உளுந்தங்களியோடு நிறுத்தியிருந்தோம். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டி, 'இடுப்புக்குப் பலம், தின்னுட்டீ' என்று ஊட்டிவிடும் ஊர் இது. அதே ஊர், அந்தப் பெண் பெரியவளான பிறகு அவளுடைய மாதக் கணக்கைத் தீட்டுக் கணக்காக மட்டும்தான் பார்க்கிறது. மாதவிலக்கு வந்துவிட்டால் எங்கே உட்காரலாம், எதைத் தொடலாம் என்று நூறு சட்டம் உண்டு. வருவதற்கு முந்தைய வாரத்தில் அவள் என்ன பாடுபடுகிறாள் என்பது பேச்சில் வருவதே இல்லை.

முக்கூடல் பக்கம் ஒரு திண்ணை. நான்கு பெண்கள் மடியில் சுளகு வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். நனைத்த இலையைத் தகடு வைத்துக் கத்தரித்து, தூள் பரப்பி, உருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டி முடிக்கிற வரை கண் ஒருபக்கம், பேச்சு ஒருபக்கம். அவர்களில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அக்காவிடம் கேட்டேன். "எல்லா நாளும் கை ஒண்ணுபோலவா ஓடும்? சில வாரம் ஓடவே மாட்டேங்கும்மா. மாரு கல்லு மாதிரி கனக்கும். ஒடம்பெல்லாம் ஒரே சடவு. சின்னவன் ஒரு வாய் தண்ணி கேட்டாக்கூட சுளகத் தூக்கி எறியணும்போல வரும். பெறவு நானே உக்காந்து அழுவேன். தலைக்கு ஊத்துன மறுநாளு பாத்தா ஒண்ணுமே இருக்காது" என்றார். உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது: "இவளுக்கு மாசத்துக்கு ஒருக்கா இசக்கி ஏறிரும்." எல்லோரும் சிரித்தார்கள். அந்த அக்காவும்தான்.

மகளிர் மருத்துவப் பாடநூல் பக்கம் பக்கமாகச் சொல்வதைத்தான் அவர் நாலு வரியில் சொன்னார். கருமுட்டை வெளியான பிறகு தொடங்கி, விலக்குக்கு முந்தைய வாரத்தில் உச்சத்துக்குப் போய், விலக்கு வந்த சில நாளில் விட்டுப்போவது. அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடியும் வருவது. மார்பு கனத்தல், வயிறு உப்புதல், தலைவலி, தூக்கக் கேடு, எரிச்சல், காரணமில்லாத அழுகை, எதிலும் மனம் ஒட்டாமை என்று ஆளுக்கு ஆள் கலவை மாறும். பல பெண்களுக்கு இது தாங்கிக்கொள்கிற அளவில்தான் இருக்கும். சிலருக்கு வீடு, வேலை, உறவு எல்லாவற்றையும் குலைக்கிற அளவுக்குப் போகும். அந்தக் கடுமையான வகையை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-இல் தனி நோயாகவே சேர்த்தது. இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வந்த ஒரு மதிப்பீடு, நூற்றுக்கு 43 பெண்களுக்கு இந்தத் தொந்தரவு உண்டு என்றும், நூற்றுக்கு 8 பேருக்குக் கடுமையான வகை என்றும் சொல்கிறது. இந்த எண்ணை நான் அப்படியே நம்பச் சொல்ல மாட்டேன். நினைவிலிருந்து பதில் சொல்லச் சொன்னால் எண் ஏறும், தினமும் குறிக்கச் சொன்னால் இறங்கும். இறங்கிய எண்ணும் சிறியதல்ல.

இதன் சரித்திரம் கொஞ்சம் விசித்திரமானது. 1931-இல் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க் இதைப் பற்றி எழுதினார். 1953-இல் இங்கிலாந்தின் கத்தரினா டால்டனும் ரேமண்ட் கிரீனும் எழுதிய கட்டுரைதான் இதை மருத்துவ உலகில் நிலைநிறுத்தியது. புரோஜெஸ்டிரோன் குறைவுதான் காரணம் என்று டால்டன் கடைசிவரை நம்பினார், அதையே மருந்தாகவும் கொடுத்தார். பின்னால் வந்த பரிசோதனைகள் அவர் பக்கம் நிற்கவில்லை. 1998-இல் அமெரிக்காவில் ஒரு சோதனையின் முடிவு வெளியானது. இந்தத் தொந்தரவு உள்ள பெண்களுக்குச் சினைப்பையின் வேலையை மருந்தால் நிறுத்தினார்கள்; பலருக்குத் தொந்தரவு விட்டது. ஹார்மோனைத் திரும்பக் கொடுத்ததும் மறுபடி வந்தது. தொந்தரவே இல்லாத பெண்களுக்கும் இதே வைத்தியத்தைச் செய்து பார்த்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, ஹார்மோன் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அது ஏறி இறங்குவதைச் சிலருடைய மூளை வேறு மாதிரி வாங்கிக்கொள்கிறது. 'எங்களுக்கெல்லாம் இல்லாதது இவளுக்கு மட்டும் எங்கேயிருந்து வந்தது?' என்று கேட்கும் மாமியார்களுக்கான பதில் அந்தச் சோதனையில் இருக்கிறது.

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டருக்கு வருவோம். இன்றைக்கு எந்த நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம் என்று அதில் அச்சடித்திருக்கும். மாதத்துக்கு இரண்டே கால் நாள் மனசு நிலையாக இருக்காது, வாக்குவாதம் வரும், புதுக் காரியம் தொடங்கக் கூடாது என்பது நம்பிக்கை. "இன்னைக்கு எனக்குச் சந்திராஷ்டமம், வாயக் குடுக்காத" என்று சொல்லிவிட்டு எந்த ஆம்பிளையும் கௌரவமாக ஒதுங்கிக்கொள்ளலாம். யாரும் அவருக்கு இசக்கி ஏறிவிட்டது என்று சிரிப்பதில்லை.

பெண்களுக்குத் தேதி தெரியாமலும் இல்லை. நன்றாகவே எண்ணுகிறார்கள், எல்லாம் மற்றவர்களுக்காக. அம்மன் கோயில் கொடைக்குக் கால் நாட்டியதும் விரல் விட்டு எண்ணுவார்கள். நாத்தனார் வீட்டுக் கல்யாணம், பால்காய்ப்பு, திருச்செந்தூர் பயணம், எல்லாவற்றுக்கும் எண்ணுவார்கள். தேதி இடித்தால் மெடிக்கலில் 'தள்ளிப்போடுற மாத்திரை' வாங்கி மூன்று நாளைக்கு முன்பே தொடங்கிவிடுவார்கள். நோரெதிஸ்டிரோன் என்பது அந்த மாத்திரையின் பெயர். சீட்டு இல்லாமலே கை மாறுகிறது. மார்பு வலி, உப்புசம், மனச்சோர்வு ஆகியவை அதன் பக்கவிளைவுகளில் உண்டு. ரத்தக்கட்டு வந்தவர்கள் தொடவே கூடாது. ஏற்கெனவே அந்த வாரத்தில் அவதிப்படுகிறவள், சாமிக்காகவும் சொந்தத்துக்காகவும் அந்த வாரத்தை இழுத்து நீட்டிக்கொள்கிறாள்.

அதே எண்ணிக்கையைத் தனக்காக வைத்துக்கொண்டால் போதும், பாதி வைத்தியம் முடிந்தது. மருத்துவர்கள் கேட்பதும் இதைத்தான்: இரண்டு மாதம், தினமும் இரவில், காலண்டர் தாளிலோ நோட்டிலோ ஒரு குறிப்பு. தூக்கம் எப்படி, எரிச்சல் எவ்வளவு, வலி எங்கே, வேலை எவ்வளவு ஓடியது. ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் கண்டுபிடிக்காது, நோட்டுதான் கண்டுபிடிக்கும். குறிப்பு மாதம் முழுக்க ஒரே இருட்டாக இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், ரத்தசோகையாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகைக்காரர்கள் என்பது தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கு. ஏற்கெனவே உள்ள மனச்சோர்வு அந்த வாரத்தில் மட்டும் கூடுவதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

லேசான தொந்தரவுக்கு நடை, தூக்கம், கால்சியம் போதலாம். கால்சியம் ஓரளவு உதவுவதாக 1998-இல் வந்த ஒரு பெரிய பரிசோதனை காட்டியது. கடுமையானதற்கு, மனச்சோர்வுக்குத் தரும் செரட்டோனின் வகை மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. மனச்சோர்வில் வாரக்கணக்கில் காத்திருக்க வைக்கும் அந்த மாத்திரை, இதில் சில நாளிலேயே பலன் தருகிறது. மாதத்தின் பின்பாதியில் மட்டும் போட்டால்கூடச் சிலருக்குப் போதும். 'பைத்தியக்கார மாத்திரை' என்ற பேச்சுக்குப் பயந்து அதை வேண்டாம் என்கிறவர்கள்தான் அதிகம். சிலருக்குக் கருத்தடை மாத்திரையும் கைகொடுக்கும். எதுவானாலும் மருத்துவர் பார்த்துத் தர வேண்டியது.

மாதவிலக்கு விடுப்பு விவகாரம் முக்கூடல் திண்ணைக்கு வந்து சேரவே இல்லை. பீகார் 1992-லேயே அரசு ஊழியப் பெண்களுக்கு மாதம் இரண்டு நாள் கொடுத்துவிட்டது. கர்நாடக அமைச்சரவை 2025-இல், வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று முடிவெடுத்தது. கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குவார்களோ என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் கவலைப்பட்டது. பீடி சுற்றுகிறவளுக்கு எதிலிருந்து விடுப்பு? ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதுதான் கூலி. கை ஓடாத வாரம் கூலி குறைந்த வாரம். பீடிக்கடையில் கொடுத்த இலைக்கு எண்ணிக்கை வராவிட்டால், சொந்தக் காசில் இலை வாங்கி ஈடுகட்ட வேண்டும். விடுப்பும் பீடிக்கூலி உயர்வும் ஒன்றாகப் பேசப்பட வேண்டியவை என்பது என் கட்சி.

நோய் என்று பெயர் வைப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 1981-இல் நடந்த ஒரு கொலை வழக்கில், மாதவிலக்குக்கு முந்தைய மனநிலைப் பாதிப்பைக் கருத்தில் கொண்டு ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2018-இல் ஒரு பெண்ணை விடுதலை செய்தது. அந்தப் பெண்ணுக்கு அது நியாயம்தான். நாளை இன்னொரு பெண்ணிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க, 'மாதாமாதம் நிலை தவறுகிறவள்' என்று இதே வாதத்தை எடுத்துக்கொண்டு ஒருவன் வரமாட்டான் என்று யார் சொல்ல முடியும்? அவள் கோபப்படுவதற்கெல்லாம் இதுவே காரணமும் அல்ல. குடித்துவிட்டு வருகிறவனைப் பார்த்து வரும் கோபத்துக்குத் தேதி கிடையாது.

வாசிக்கிற ஆண்கள், 'உனக்குத் தேதி வந்துட்டா?' என்று சண்டைக்கு நடுவில் கேட்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்த வாரத்தில் மட்டும் செத்துப்போகலாம்போல நினைப்பு வருகிறது என்று வீட்டில் ஒரு பெண் சொன்னால், விலக்கு வந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரியானால் டெலி மானஸ் எண் 14416-க்குக் கூப்பிடலாம். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

(தொடரும்)