கூட்டிட்டு வர்றதும் போன்தான், நிறுத்துறதும் போன்தான்... கொடைக்கானல் மலை ஏன் சந்தேகப்படுகிறது?

வத்தலக்குண்டைத் தாண்டி மலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது காமக்காபட்டி சோதனைச்சாவடி. சீசன் நேரத்து சனிக்கிழமை காலையில் இங்கே நிற்கும் கார்களில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். முன் சீட்டில் இருப்பவர் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து சிக்னல் தேடுவார். பின் சீட்டில் இருந்து, “ஓ.டி.பி வந்துச்சா?” என்று குரல் வரும். வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்கல், எத்தனை நாள் எல்லாம் நிரப்பி, க்யூ.ஆர் கோடு போட்ட இ-பாஸைக் காட்டினால்தான் மேலே போகலாம்.

இந்தக் குடும்பத்தைக் கொடைக்கானலுக்குக் கிளப்பியதே அந்தப் போனாகத்தான் இருக்கும். 30 விநாடி ரீல்ஸில் பார்த்த பனிமூட்டம், பைன் காடு, பின்னணியில் ஒரு பழைய இளையராஜா பாட்டு. இப்போது வழியில் நிறுத்துவதும் அதே போன். ‘கூட்டிட்டு வர்றதும் அதுதான், நிறுத்துறதும் அதுதான்; நடுவுல நாம எதுக்கு?’ என்ற கிண்டல் மலையில் சாதாரணமாகக் காதில் விழும். புதுசாக எது வந்தாலும் குறை சொல்லும் பெரிசுகளின் புலம்பல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. மலையின் சந்தேகத்துக்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதலில் குணா குகை.

1821-ல் பி.எஸ்.வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி பழநி மலையை அளக்க வந்தார். அந்தக் காலத்திலிருந்து ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று வெள்ளைக்காரர்கள் சொல்லிவந்த இடம், 1991-ல் கமல்ஹாசனின் ‘குணா’ வந்த பிறகு ‘குணா குகை’ ஆனது. பாறைப் பிளவுகளுக்குள் தவறி விழுந்தவர்கள் பலர். அதனால் கம்பிவேலி போட்டு, தூரத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டிருந்தார்கள். கைடுகள் கமல் கதையைச் சொல்வார்கள், ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள், பக்கத்தில் சோளக்கருது வாங்கித் தின்றுவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள். 30 வருடத்துக்கும் மேலாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

2024 பிப்ரவரி 22-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வெளியானது. 2006-ல் கொச்சி பக்கத்து மஞ்ஞும்மலிலிருந்து டூர் வந்த நண்பர்களில் ஒருவர் குழிக்குள் விழ, இன்னொருவர் இறங்கி மீட்ட உண்மைக் கதை. தியேட்டரில் பார்த்தவர்கள் அழுதார்கள், அழுத கையோடு கொடைக்கானலுக்கு வண்டியை விட்டார்கள். குகை வாசலில் கூட்டம் நெரிந்தது. பாட்டு போட்டு ரீல்ஸ் எடுக்காதவர்கள் அங்கே சிறுபான்மை. தடையை மீறி உள்ளே இறங்கிய இளைஞர்களை வனத்துறை பிடித்து, கைது வரை போனது. உயிர் போகும் ஆபத்தைச் சொல்லும் படத்தைப் பார்த்துவிட்டு அதே ஆபத்தைத் தேடி வந்தார்கள். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. படத்தில் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த குகைக் காட்சிகளில் பெரும்பகுதி கேரளாவில் போட்ட செட்!

இதே மலைக்கு டெக்னாலஜி புதிதல்ல. கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் 1899-லேயே அமைந்தது. 1909-ல் ஜான் எவர்ஷெட் இங்கிருந்து சூரியப் புள்ளிகளில் கண்டுபிடித்த வாயு ஓட்டத்துக்கு உலகம் இன்றும் ‘எவர்ஷெட் விளைவு’ என்றே பெயர் சொல்கிறது. தென்மாவட்டங்களில் 45 வயதைத் தாண்டியவர்களைக் கேட்டால் வேறொன்று சொல்வார்கள். வீட்டு மாடியில் ஏறி ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி, “தெரியுதா... தெரியுதா?” என்று கத்திய ஞாயிற்றுக்கிழமைகள். 1980-களின் பிற்பகுதியில் மலை உச்சியின் தூர்தர்ஷன் கோபுரம் வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் தெற்கே பல ஊர்களில் சென்னை நிகழ்ச்சிகள் புள்ளி இல்லாமல் தெரிந்தன. அதுவரை கடலோர ஊர்கள் இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்புறம் வந்த கொடைக்கானல் பண்பலை, 100.5. இரவுப் பேருந்தில் அதைக் கேட்டபடி மதுரைக்கும் நெல்லைக்கும் போனவர்களுக்கு அந்த எண் இன்னும் மனப்பாடம்.

‘டி.வி வந்தா புள்ளைங்க படிக்காது’ என்ற பயம் அப்போதும் இருந்தது. ஆனால், மலைக்காரர்கள் அந்தக் கோபுரத்தின் மேல் கோபப்பட்டதாகச் சொல்வதில்லை. அது மலையிலிருந்து கீழே பாட்டையும் படத்தையும் அனுப்பியது. போன் கீழேயிருந்து மேலே வண்டிகளை அனுப்புகிறது.

எத்தனை வண்டிகள்? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் யாரிடமும் இல்லாததில்தான் இ-பாஸின் கதை தொடங்குகிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று 2024 ஏப்ரல் 29-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் என்.சதீஷ்குமார், பரத சக்கரவர்த்தி அமர்வு உத்தரவிட்டது. மே 7-லிருந்து நடைமுறை. ஜூன் 30 வரை என்று அறிவித்து, பிறகு நீட்டிக்கப்பட்டது. மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று ஆராயும் வேலை சென்னை ஐ.ஐ.டி-க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்-முக்கும் போனது. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் கட்டுப்பாடு இல்லை. பாஸுக்குக் கட்டணமும் இல்லை.

‘இ-பாஸ்’ என்ற சொல்லைக் கேட்டதுமே பலருக்கு 2020 லாக்டவுன் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் பாஸ் கேட்டு அலைந்த நாட்கள். ஆனால், இந்த பாஸ் அப்படி இல்லை. முதல் வருடம் விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் கிடைத்தது. எண்ணிப் பார்ப்பதுதான் நோக்கம், நிறுத்துவது இல்லை. அதனால் சந்தேகம் இரண்டு பக்கமும் கிளம்பியது. எல்லாருக்கும் கொடுக்கிற பாஸ் எதற்கு என்று ஒரு பக்கம். பாஸ் என்றதுமே ஆட்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்களே என்று லாட்ஜ், சாக்லேட் கடை, குதிரைக்காரர்கள் பக்கம். ஏப்ரல், மே இரண்டு மாத வருமானத்தில் வருடத்தை ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பயம் சின்ன விஷயம் இல்லை.

2025 ஏப்ரல் 1 முதல் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. மறுநாளே நீலகிரியில் வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். கொடைக்கானலிலும் முணுமுணுப்பு குறையவில்லை.

இந்த முணுமுணுப்புகளைப் பிரித்துப் பார்த்தால், சில வெறும் பதற்றம். சில, படித்தவர்கள் கேட்கவேண்டிய கேள்விகள்.

சோதனைச்சாவடியில் வண்டியை எண்ணலாம். மேலே போன வண்டி எங்கே போகிறது? மோயர் பாயின்ட், பைன் காடு, குணா குகை, தூண் பாறை என்று எல்லாம் ஒரே வட்டத்தில் இருக்கின்றன. போன் எல்லாருக்கும் அதே ‘டாப் 10’ பட்டியலைத்தான் காட்டுகிறது. 4,000 வண்டி என்றாலும் காலை 10 மணிக்கு அத்தனையும் அதே ரோட்டில் நின்றால், நாளின் கணக்கு சரியாக இருந்து என்ன பயன்? நாயுடுபுரத்திலோ மூஞ்சிக்கல்லிலோ இருக்கிற ஒருவர், நெஞ்சு வலிக்கிற அம்மாவைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய நாள் அதுவாக இருந்தால்? மலைக்காரர்களின் கோபத்தில் பாதி இந்த ஒரு பயத்திலிருந்துதான் வருகிறது. வரம்பு வேண்டாம் என்று அவர்கள் சொல்வதில்லை, ரோட்டையும் பார்க்கிங்கையும் சேர்த்துப் பாருங்கள் என்கிறார்கள்.

என் போன் நம்பரும் தங்கும் இடமும் எங்கே போய்ச் சேர்கிறது என்பது இன்னொரு கேள்வி. பட்டன் போன் மட்டும் வைத்திருக்கும் பெரியவர் குடும்பத்தோடு வேன் பிடித்து வந்தால் என்ன செய்வார் என்பது மூன்றாவது. (பதில்: யாராவது இளவட்டத்தின் கையில் போனைத் தேட வேண்டும். அல்லது அரசுப் பேருந்தில் ஏறிவிடலாம். பேருந்தில் போனால் இந்தத் தலைவலியே கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.)

தங்கும் இடத்தின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே அனுபவித்திருப்பீர்கள். படத்தில் ‘லேக் வியூ’. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து காட்டேஜின் தண்ணீர்த் தொட்டி. சில நேரம் முன்பணம் ஜிபேயில் போய்விடும், காட்டேஜே இருக்காது.

ஒரு ஆலை, ஒரு வீடியோ

புதிதாக வருவது எல்லாம் நல்லது என்று இந்த ஊர் ஒருமுறை நம்பியது. 1980-களில் அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்து கழற்றிக் கொண்டுவந்து இங்கே நிறுவப்பட்டது ஒரு தெர்மாமீட்டர் ஆலை. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. சுத்தமான காற்று, ஏற்றுமதி, கை நிறையச் சம்பளம். உள்ளூர்ப் பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்தார்கள். 2001 மார்ச்சில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடப்பது தெரிந்தது. மக்கள் ஊர்வலம் போனார்கள், ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்களின் உடல்நலப் பாதிப்புக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடாக இருந்தது. தொழிலாளர்கள் அதை ஏற்கவில்லை. வழக்கு, மனு, போராட்டம் என்று ஆண்டுகள் ஓடின.

2015 ஜூலை இறுதியில் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப் ‘கொடைக்கானல் வோன்ட்’ என்ற ராப் வீடியோவை வெளியிட்டார். நிக்கி மினாஜின் மெட்டு, மினாஜே அதை ட்விட்டரில் பகிர்ந்தார். அதுவரை கொடைக்கானல் எங்கே இருக்கிறது என்றே தெரியாத லட்சக்கணக்கானவர்கள் சில நாட்களில் அதைப் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது. வீடியோவால் மட்டும் நடந்தது என்று சொன்னால் 15 வருடம் கோர்ட் வாசலில் நின்றவர்களுக்கு அநியாயம். வீடியோ இல்லாமலே நடந்திருக்கும் என்று சொல்லவும் முடியாது.

அதனால்தான் ‘போனே வேண்டாம்’ என்று சொல்லும் ஆளை மலையில் தேட வேண்டியிருக்கிறது. மன்னவனூரிலும் பூம்பாறையிலும் பூண்டு போடும் விவசாயி காலையில் வாட்ஸ்அப்பில்தான் மார்க்கெட் விலை பார்க்கிறார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி பலருக்கு வந்து சேர்ந்ததும் ஃபார்வர்டு மெசேஜாகத்தான். அதே பூம்பாறையின் வரிசை வீடுகளையும் படிக்கட்டு வயல்களையும் ட்ரோனில் எடுத்து யாரோ ஏற்றிவிட, இப்போது வயல் வரப்பில் நின்று போஸ் கொடுக்கிறவர்களை விரட்டுவதும் அவர் வேலையாகிவிட்டது.

கொஞ்சம் கீழே இறங்கினால் வெள்ளகவி. வட்டக்கானலில் இருந்தும் கும்பக்கரைப் பக்கம் இருந்தும் காட்டுப் பாதையில் நடந்துதான் போக வேண்டிய ஊர். கொடைக்கானலுக்கே மூத்த ஊர். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் மலையில் முதல் வீடுகளைக் கட்டும்போதே பழைய ஊராக இருந்தது என்பார்கள். கோயில்கள் நிறைந்த ஊர் என்பதால், உள்ளே யாரும் செருப்புப் போடுவதில்லை. ட்ரெக்கிங் வீடியோக்களில் இன்று அது பிரபலம். ‘செருப்பு போடாத அதிசய கிராமம்’ என்று தலைப்பு வைத்தால் பார்வைகள் குவிகின்றன. வருகிறவர்களிடம் செருப்பைக் கழற்றச் சொல்லிச் சொல்லி ஊர்க்காரர்களுக்கு அலுத்துப்போகிறது.

வாகனச் சாலை கேட்டு வெள்ளகவிக்காரர்கள் மனுக் கொடுத்துவந்தது நெடுங்காலக் கதை. அரிசி, பருப்பு, சிலிண்டர் எல்லாம் குதிரை முதுகில்தான் வந்தன. மோட்டார் ரோடு வருவதற்கு முன் துரைமார்களும் பெரியகுளம் பக்கத்துக் காட்டுப் பாதையில் ஆட்கள் தூக்கிச் செல்ல, நாற்காலியில் உட்கார்ந்துதான் மலையேறினார்கள். வெள்ளகவியில் நோயாளிகளுக்கு அந்த முறை மட்டும் மாறாமல் நின்றது. போர்வையைக் கம்பில் கட்டி டோலியாக்கி, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்துத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். பாறை மேட்டில் ஏறி நின்றால் சிக்னல் கிடைக்கும், 108-க்குப் பேசலாம். வண்டி காடு முடிகிற இடத்தில் காத்திருக்கும்.