ஒரு தாயின் ஐயம்

ஞாயிறு மாலை நற்கருணை ஆசீர் முடிந்து, கோவில் கதவைச் சாத்தும் வேளையில் ஒரு தாய் நம்மிடம் வந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர். வயது நாற்பதை நெருங்குகிறது. மூன்று குழந்தைகளுக்கும் தாய்ப்பால் ஊட்டி வளர்த்தவர். தயங்கித் தயங்கி அவர் கேட்டது இதுதான்: தளர்ந்துபோன மார்பகத்தை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திக்கொள்ளலாமாம். மூத்த மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று கட்டிவரும் சீட்டை எடுத்தால் செலவுக்குப் போதும். "இது பாவமா சாமி?"

நாம் குருமடத்தில் அறநெறி இறையியலை இலத்தீன் மொழியிலேயே கற்றோம். ஆயினும் இக்கேள்விக்கு உடனே விடை வரவில்லை என்பதை மறைப்பானேன்? ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டோம். பெயரும் ஊரும் வராதெனில் இதை எழுதலாம் என்று அவரே இசைந்தார்.

திருச்சபை இதைப் பற்றிப் பேசாமலில்லை. 1958 அக்டோபர் 4-ஆம் நாள், இத்தாலிய ஒட்டறுவை மருத்துவர்களுக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் உரையாற்றினார். ஐந்தே நாட்களில் அவர் இறைவனடி சேர்ந்தார். இறுதி நாட்களிலும் இப்பொருளைச் சிறியதென்று அவர் ஒதுக்கவில்லை. உடலழகு இறைவன் தந்த நன்மை. ஆயின் அதனினும் உயர்ந்த நன்மைகளுக்குக் கீழ்ப்பட்டது என்பது அவர் போதனை. அழகுக்கான அறுவை தன்னிலே தீயதன்று. நோக்கம் நேரியதாக வேண்டும். உடல்நலத்திற்குப் பேரிடர் கூடாது. காரணம் தக்கதாக வேண்டும். பிறரை மயக்கிக் கெடுக்கவோ, குற்றவாளி நீதிக்குத் தப்பவோ செய்வதையே அவர் கண்டித்தார்.

ஆகவே அந்தத் தாயின் எண்ணத்தைப் பாவமென்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. எனினும் "பாவமில்லை" என்பதும் "செய்க" என்பதும் ஒன்றாகிவிடுமா?

வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். 2018 பிப்ரவரியில், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு அறுவையை ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யும் பிரிவைத் தமிழக அரசு தொடங்கியது. அழகுச் சிகிச்சை பணக்காரருக்கு மட்டுமா என்று கேட்டார் அன்றைய நலத்துறை அமைச்சர் விஜயபாஸ்கர். இல்லையேல் ஏழைகள் கடன் வாங்குவர், ஆபத்தான வழிகளை நாடுவர் என்றும் சொன்னார். உயிர் காக்கும் சிகிச்சைக்கன்றோ அந்தப் பணம் என்று மறுத்தவர்களும் இருந்தனர். நாமும் அன்று நகைத்தவருள் ஒருவரே. மார்பின் மிகுந்த பாரத்தால் கழுத்தும் தோளும் நொந்து, தோளில் பட்டை பதிந்து, குனிந்து வேலை செய்ய இயலாத பெண்களுக்கும் அங்கே வழி திறந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். அது அழகன்று, நோவு.

நம் தாய்க்கோ நோவில்லை. ஆகவே மருத்துவரான நண்பர் ஒருவரிடம் விவரம் கேட்டோம். மயக்கமருந்து கொடுத்து, மிகுந்த தோலை அரிந்து நீக்கி, காம்பை மேலேற்றித் தைப்பார்களாம். தழும்பு மங்குமேயன்றி மறையாது. குருதிக் கசிவும் தொற்றும் நேரலாம், உணர்ச்சி குன்றலாம், பின்னர் பிள்ளை பிறந்தால் பாலூட்டல் தடைப்படலாம். முன்னதாகக் கட்டி ஏதுமில்லை என்று சோதித்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் பிறகு அது நிலையானதுமன்று: வயதும் உடல் எடையின் ஏற்றத்தாழ்வும் மீண்டும் தளர்த்தும்.

இன்னொன்றும் சொன்னார், அதை இளந்தாய்மார் கட்டாயம் அறிய வேண்டும். பால் கொடுத்தால் மார்பு தளரும் என்று எண்ணிப் புட்டிப்பாலை நாடுவோர் உளர். அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2007-இல் ஆராய்ந்து வெளியிட்டபடி, தளர்ச்சிக்குக் காரணம் வயது, கருவுற்ற எண்ணிக்கை, உடற்பருமன், புகைப்பழக்கம் முதலியவை, பாலூட்டல் அன்று. "என் பிள்ளைகள் குடித்ததால்தானே" என்று அத்தாய் கூறியது நம் செவியில் ஒலித்தது.

மறுவாரம் அவர் வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னோம். கண் கலங்கினார். கணவர் ஏதும் சொன்னாரா என்றோம்.

"இல்லை சாமி, கண்ணாடிதான் சொல்லுது" என்றார். சற்றுப் பொறுத்து, உறவினர் திருமணத்தில் பலர் நடுவே கணவர் விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல்லையும் சொன்னார். அது இங்கே எழுதத் தகாது. மூன்றாண்டுகளாக அவர் அதைச் சுமந்திருக்கிறார். எந்தக் கத்திக்கும் எட்டாத இடத்தில் இருந்தது அது.

அவர் இசைவுடன் கணவரை அழைத்துப் பேசினோம். அச்சொல் அவருக்கு நினைவிலேயே இல்லை. நினைவூட்டியதும் தலைகுனிந்து, நெடுநேரம் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு அத்தாயுடையது, நாம் வற்புறுத்தவில்லை. முதலில் அரசு மருத்துவமனையில் சோதித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை கணவர் விடுப்பெடுத்து, காலை மின்சார ரயிலில் உடன் செல்கிறார். சீட்டை இன்னும் எடுக்கவில்லை.