எட்டாம் மாதத்தில் அலுவலகப் பயணம்

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு, 600 கிலோமீட்டருக்கு மேல், காரிலேயே. யாரும் அதைக் குறை சொல்வதில்லை. அதே பெண் அலுவலக வேலையாகக் கோயம்புத்தூர் போய்வர வேண்டும் என்றால் வீடே கூடிப் பேசுகிறது. உடம்புக்குக் காரணம் தெரியாது. எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம், எங்கே இருக்கிறோம் என்பதுதான் அதற்குக் கணக்கு.

நிறைமாதம் நெருங்கும்வரை பெண்கள் வேலைக்குப் போவதற்கு விடுப்புக் கணக்கு ஒரு முக்கியக் காரணம். தனியார் நிறுவனத்தில் முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சட்டப்படி 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். முன்னால் எடுக்காதது பின்னால் குழந்தையோடு இருக்க உதவும். எந்தத் தாயும் பின்னால்தான் சேர்த்துவைப்பாள். ஆடிட், கிளையன்ட் மீட்டிங், கிளை ஆய்வு என்று ஊர் ஊராகப் போகும் வேலை என்றால் வயிற்றோடு பயணமும் வந்துவிடும்.

நம் வீடுகளில் பெரிய பயம் குலுக்கல். மேடு பள்ளத்தில் பஸ் தூக்கிப்போட்டால் வலி வந்துவிடும் என்பார்கள். சிக்கலில்லாத கர்ப்பத்தில் சாதாரணச் சாலைக் குலுக்கல் அப்படிச் செய்வதில்லை; குழந்தையைச் சுற்றிப் பனிக்குட நீர் இருக்கிறது. பயப்பட வேண்டியது விபத்தில் வயிற்றில் விழும் அடிக்கு. அதனால் டூ வீலர் வேண்டாம். காரில் பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும்: கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் ஏறாமல் அடிவயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பை ஒட்டி, மேல்பட்டை மார்புகளுக்கு நடுவே இறங்கி வயிற்றின் பக்கவாட்டில்.

யாரும் பேசாத ஆபத்து அசையாமல் உட்கார்ந்திருப்பது. பிரசவத்தில் அதிக ரத்தம் போய்விடாமலிருக்க, கர்ப்ப காலத்தில் ரத்தம் எளிதில் உறையும்படி உடம்பு தன்னை மாற்றிக்கொள்கிறது. வளர்ந்த கருப்பை இடுப்பிலுள்ள பெரிய ரத்தக்குழாய்களை அழுத்துவதால் காலிலிருந்து ரத்தம் மேலேறுவதும் மந்தமாகிறது. இரண்டும் சேர்ந்து, காலில் ரத்தம் கட்டியாக உறையும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட நான்கைந்து மடங்கு கூடும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நான்கு மணி நேரத்துக்கு மேல் நீளும் பயணத்தில் இந்த ஆபத்து கூடுகிறது. மாலையில் இரண்டு பாதமும் வீங்குவது சாதாரணம். ஒரு கால் மட்டும், பெரும்பாலும் இடது கால், வீங்கி வலித்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆகவே கோயம்புத்தூருக்கு ஆம்னி பஸ்ஸைவிட ரயில் நல்லது. வந்தே பாரத்தில் சுமார் ஆறு மணி நேரம். எழுந்து நடக்க இடம் உண்டு, கழிவறை உண்டு. கழிவறை இல்லாத பஸ்ஸில் போகிறவர்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு அது நேர்வழி. இரவு ரயில் என்றால் கர்ப்பிணிகளுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவச் சான்றோடு முன்பதிவு மையத்தில் கேளுங்கள். மேல்படுக்கை கிடைத்தாலும் டிடிஇ-யிடம் சொல்லுங்கள், காலியான கீழ்ப்படுக்கையை உங்களுக்குத் தர அவருக்கு அதிகாரம் உண்டு.

விமானத்தைப் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையற்றது. உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல இருக்கும். ஊட்டியில் நிற்பது மாதிரிதான். ஆரோக்கியமான கர்ப்பிணி அதைத் தாங்குவார். சிக்கல் விதிகளில் இருக்கிறது. 32 வாரத்துக்குப் பிறகு மருத்துவரின் சான்று கேட்பதும் 36 வாரத்துக்குப் பிறகு ஏற்ற மறுப்பதும் விமான நிறுவனங்களில் பரவலான வழக்கம். இரட்டைக் குழந்தை என்றால் இன்னும் முன்னதாகவே கதவு மூடும். வாரக் கணக்கும் சான்றின் தேதியும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், டிக்கெட் போடுமுன் பார்த்துவிடுங்கள். பலர் கோட்டைவிடுவது திரும்பும் தேதியில். 35-வது வாரக் கடைசியில் போனவர் வேலை இழுத்துக்கொண்டு 37-வது வாரத்தில் விமான நிலையத்துக்கு வந்தால் வெளியூரிலேயே நிற்க வேண்டியதுதான். போகும் நாளை விட்டுவிட்டுத் திரும்பும் நாளை வைத்து வாரத்தை எண்ணுங்கள்.

சிலர் இந்தக் கணக்கெல்லாம் போட வேண்டியதே இல்லை, பயணத்தையே விட்டுவிடலாம். உயர் ரத்த அழுத்தம், ரத்தக்கசிவு, நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருப்பது, கடுமையான ரத்தசோகை, முன்பு குறைமாதப் பிரசவம் ஆனது ஆகிய எதுவானாலும் மருத்துவர் சொல்வதே முடிவு.

அலுவலகத்தில் மறுக்க முடியுமா? சட்டத்தில் ‘பயணம்’ என்று தனியாக எழுதியிருக்கவில்லை. ஆனால் 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்திலேயே ஒரு வழி இருந்தது. இப்போதைய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. பிரசவ தேதிக்குப் பத்து வாரம் முன்பிலிருந்து, அதாவது ஏறத்தாழ 30-வது வாரத்திலிருந்து, பெண் கேட்டுக்கொண்டால் கடினமான வேலையையோ, நெடுநேரம் நிற்கும் வேலையையோ, கர்ப்பத்துக்கு இடையூறாகக்கூடிய வேலையையோ தரக்கூடாது. கேட்டால்தான் கிடைக்கும். காரிடாரில் மேனேஜரிடம் சொன்னது கேட்டதாகாது. மருத்துவரின் கடிதத்தை இணைத்து மின்னஞ்சலில் எழுதுங்கள். ‘டீமுக்குத் தொந்தரவு’ என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 30-வது வாரத்தில் சொன்னால் மாற்று ஆள் தேட நேரம் இருக்கும்.

போவதென்று முடிவானால், பையில் முதலில் வைக்க வேண்டியது ஃபைல்: கடைசி ஸ்கேன், ரத்த வகை, மருந்துச் சீட்டு, அரசின் கர்ப்பப் பதிவான பிக்மி எண். போகிற ஊரில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் மருத்துவமனை எது என்று கிளம்புமுன்பே தெரிந்திருக்க வேண்டும். பனிக்குடம் உடைந்தாலும், ரத்தம் பட்டாலும், கடுமையான தலைவலியோடு கண் மங்கினாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் மீட்டிங் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சாலையில் 108, ரயிலில் 139. வழியில் குழந்தை பிறந்துவிட்டால் பதிவுக்கு என்ன செய்வது என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. ஓடும் வண்டியில் பிறந்த குழந்தையின் பிறப்பை, அந்த வண்டி அடுத்து முதலில் நிற்கும் ஊரில் பதிய விதி இருக்கிறது.