கருனி இணைப்பும் காலச் சுருக்கமும்

பெருநூல் ஒன்றைப் பதிப்பிப்பார்க்கு இறுதியில் நேரும் இடர்ப்பாடு ஒன்று உண்டு. சொல்லடைவினை நூலின் முகப்பில் வைக்க எண்ணுவராயின், பக்க எண்கள் தெரிந்தாலன்றி அடைவினை எழுத இயலாது. அடைவு எத்துணைப் பக்கங்கொள்ளும் என்பது தெரிந்தாலன்றிப் பக்க எண்களும் நிலைபெறா. கணிப்பொறி இயக்கமுறைமையின் உள்ளகமாகிய கருனியை உருவாக்கும் பணியிலும் இதனையொத்த இடர்ப்பாடு உண்டு. அதன் இயல்பினையும், அதனால் விளையும் காலத்தாழ்வைக் குறைத்த வழிகளையும் லினக்சு கருனியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

லினசு டோர்வால்ட்சு 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்சு கருனி, இன்று பல்லாயிரம் மூலக்கோப்புகளால் ஆயது. தொகுப்பி என்னும் கருவி அவை ஒவ்வொன்றையும் தனித்தனியே பொறிமொழிக்கு மாற்றுகின்றது. அங்ஙனம் மாற்றப்பட்ட கோப்பு, பிற கோப்புகளிலுள்ள செயற்கூறுகளைப் பெயரால் மட்டுமே சுட்டும்; அவை நினைவகத்தில் யாண்டு உள்ளன என்பதை அறியாது. இக்கோப்புகளை ஒருங்குசேர்த்து, ஒவ்வொரு பெயர்க்கும் முகவரி வகுத்து, சுட்டிய இடந்தோறும் அம்முகவரியைப் பொறிப்பது இணைப்பியின் தொழில். தனிமொழிகள் தொடராகப் புணருங்கால் அடுத்து நிற்கும் மொழிக்கேற்பத் திரிபு கொள்ளுதல் போல்வது இது என்னலாம்.

தொகுத்தற்பணியைப் பல செயலிகளுக்குப் பகிர்ந்தளித்தல் எளிது. அன்றியும், ஒரு கோப்பு திருத்தப்பட்டால் அதனையும் அதனைச் சார்ந்தவற்றையும் மீளத் தொகுத்தலே போதும். இணைப்போ அத்தகையதன்று, ஒரு வரி மாறினும் முழுமையும் மீள இணைக்கப்படல் வேண்டும். பகிரவியலாத பகுதியே முழுப்பணியின் விரைவிற்கு எல்லை வகுக்கும் என்று 1967-இல் சீன் அம்டால் காட்டிய உண்மை ஈண்டும் பொருந்துவதாம். இதனால் விளையும் இழப்பும் சிறிதன்று. கருனியில் பிழை புகுந்த இடத்தைக் காண்போர், திருத்தங்களின் வரிசையை இருகூறாக்கி, நடுநின்றதைக் கட்டிச் சோதித்து, மீண்டும் மீண்டும் பாதியாக்கிச் செல்வர். 1,000 திருத்தங்களுள் பிழையுடையதைக் காண ஏறத்தாழ 10 முறை கருனியைக் கட்டுதல் வேண்டும். ஒவ்வொரு முறையும் இணைப்பின் காலம் முழுமையாகச் செலவாகும்.

இனி, முற்கூறிய சொல்லடைவுச் சிக்கலை நோக்குவாம். கருனி பிழையுற்று நிற்குங்கால், எச்செயற்கூற்றில் நின்றது என்பதைப் பெயராற் கூறுதற்பொருட்டு, பெயர்களும் முகவரிகளும் அடங்கிய அட்டவணையொன்றைத் தன்னகத்தே கொண்டுள்ளது. 'கால்சிம்சு' என்பது அதன் பெயர். முதன்முறை இணைத்துப் பெயர்களைத் திரட்டி அட்டவணை அமைப்பர். அதனைச் சேர்த்து இரண்டாம் முறை இணைக்குங்கால், அட்டவணை கொண்ட இடத்தால் முகவரிகள் பெயர்ந்துவிடும். ஆயினும் அட்டவணையின் அளவு இப்பொழுது தெரிந்துவிட்டது. ஆதலின் பெயர்ந்த முகவரிகளைக்கொண்டு அட்டவணையைப் புதுக்கி மூன்றாம் முறை இணைப்பர். இங்ஙனம் ஒரு கருனிக்கு மூன்று இணைப்புகள் வேண்டியனவாயின. தரவு வகைகளை விளக்கும் 'பி.டி.எஃப்.' என்னும் பகுதியும் வேண்டுமாயின் நான்காவது ஒன்றும் வேண்டப்பட்டது.

இத்தாழ்வைக் குறைத்த வழிகள் மூவகைய. முதலாவது, வீண்படி எடுத்தலைத் தவிர்த்தல். முன்னர், ஒவ்வோர் அடைவிலுள்ள கோப்புகளும் ஒன்றாக்கப்பட்டு, மேலடைவில் மீண்டும் ஒன்றாக்கப்பட்டு வந்தமையின், ஒரே தரவு பலமுறை படியெடுக்கப்பட்டது. 2016-இல் புகுந்து 2017-இல் பொதுநெறியாகிய மெல்லிய பேழை முறையில், கோப்புகளின் இருப்பிடமும் பெயரடைவும் மட்டுமே குறிக்கப்படும், உள்ளடக்கம் படியெடுக்கப்படாது.

இரண்டாவது, இணைப்பின் எண்ணிக்கையையும் சுமையையும் குறைத்தல். பி.டி.எஃப். பகுதிக்கென நிகழ்ந்த இணைப்பும் கால்சிம்சுக்கென நிகழ்ந்த முதல் இணைப்பும் 2024-இல் ஒன்றாக்கப்பட்டன, நான்கு மூன்றாயிற்று. முகவரி காண்டற்கு மட்டுமே நிகழும் இடைக்கால இணைப்பிற்குப் பிழைதிருத்தத் தரவு வேண்டுவதன்று. அளவாற் பெரிதாகிய அத்தரவை அங்கே விலக்கும் முறையும் அவ்வாண்டிலேயே அமைந்தது.

மூன்றாவது, இணைப்பியையே மாற்றுதல். 2008-இல் வெளிவந்த 'கோல்டு' விரைவுடையதேனும், பொருள்களை நினைவகத்தில் இன்ன முறையில் நிறுத்துக என ஆணையிடும் கருனியின் நுண்ணிய கட்டளைகளோடு முற்றும் ஒத்துவரவில்லை. 2019-இல் கருனியின் கட்டமைப்பு அதனை ஏலாது விலக்கிற்று. எல்.எல்.வி.எம். குழுவின் 'எல்.எல்.டி.' என்னும் இணைப்பியோ, தன் பணியுள் பலவற்றைப் பல இழைகளாகப் பகிர்ந்து செய்வது. குனு இணைப்பியோடு ஒப்பக் கருனிக்கு ஏற்புடையதாக இன்று விளங்குகின்றது.

விரைவை நாடுவோர் மறத்தலாகாதது ஒன்று உண்டு. இறுதி இணைப்பின் முகவரிகளும் அட்டவணையின் முகவரிகளும் ஒத்துள்ளனவா எனச் சோதித்து, ஒவ்வாதாயின் கட்டும் பணியே நிறுத்தப்படும். இச்சோதனையும் சிறிது காலங்கொள்வதே. எனினும் அதனை விடுத்தால், பிழையுற்ற கருனி பிறிதொரு செயற்கூற்றின் பெயரைச் சுட்டும். திருத்துவோர் குற்றமற்ற இடத்தைத் தேடி நாட்களைக் கழிப்பர். பக்க எண் பிழைத்த சொல்லடைவு, அடைவே இல்லாமையினும் தீது. ஆதலின், வேண்டா வினையை நீக்குதலே விரைவிற்கு வழி என்பதும், வேண்டும் வினையை நீக்குதல் விரைவாகாது என்பதும் இதனால் பெறப்படும்.