ஓமின் விதியும் விடையின் மெய்ம்மையும்

விடையைக் கண்டதும் அதன்கீழ் இரட்டைக்கோடு இழுத்துவிட்டு எழுந்து செல்லும் மாணவரே பலர். வந்த விடை மெய்தானா என வாய்ப்புப் பார்ப்போர் சிலர். அச்சிலரிலும் பலர் தம்மைத் தாமே மயக்கிக்கொள்கின்றனர் என்பேன். மின்தடைக் கணக்கொன்றைக் கொண்டு இதனை விளக்குவல்.

24 உவோற்று மின்கல அடுக்கொன்றுடன் 4 ஓம் தடை தொடராக இணைந்துள்ளது. அதற்கப்பால் 12 ஓம், 6 ஓம் தடைகள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக உள்ளன. அடுக்கின் அகத்தடையைப் புறக்கணிப்போம். அடுக்கிலிருந்து புறப்படும் ஓட்டம் யாது?

சமாந்தரத்தை மறந்த மாணவன் மூன்றையும் கூட்டி 22 ஓம் என்கிறான். 24ஐ 22ஆல் வகுத்து 1.09 அம்பியர் என்கிறான். பின்னர் 1.09ஐ 22ஆற் பெருக்குகிறான். ஏறத்தாழ 24 வருகிறது. சரியென மகிழ்கிறான். அவன் சோதித்தது தன் வகுத்தலை மட்டுமே. பிழை புகுந்த வழியாலேயே திரும்பியவனுக்கு அது எவ்வாறு புலப்படும்?

அழுத்த வேறுபாடு, ஓட்டத்தைத் தடையாற் பெருக்கியதற்குச் சமம் என்னும் ஓமின் விதியை ஒவ்வொரு தடைக்கும் தனித்தனியே பிரயோகித்தல் வேண்டும். 1.09 அம்பியர் 4 ஓமினூடே சென்றால் அங்கே 4.36 உவோற்று வீழும், எஞ்சுவது 19.64. கிளைகள் இரண்டிலும் இவ்வழுத்தமே நிற்பதால், அவற்றில் 1.64, 3.27 அம்பியர் ஓடவேண்டும். சந்திக்கு வந்தது 1.09, பிரிந்து சென்றதோ 4.91! வராத நீரை வாய்க்கால்கள் எங்ஙனம் பகிரும்?

சமாந்தரத் தடைகளின் விளைவு, அவற்றுட் சிறியதிலும் குறைவாதல் வேண்டும். இங்கே அது 4 ஓம்; மொத்தத் தடை 8 ஓம்; ஓட்டம் 3 அம்பியர். முதற்றடையில் 12 உவோற்று வீழ, எஞ்சிய 12 உவோற்று கிளைகளில் 1, 2 அம்பியரைச் செலுத்தும். வந்ததும் 3; சென்றதும் 3.

கணக்கை வேறோர் உரைகல்லில் உரைக்கும் இப்பழக்கத்தை விதியைக் கண்டவரிடமே காணலாம். ஜேர்மனியின் கொலோன் நகரிலே பாடசாலை ஆசிரியராயிருந்த யோர்ச் சீமோன் ஓம், வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளைச் சுற்றில் இணைத்து, சூத்திரம் தந்த எண்ணையும் கருவி காட்டிய எண்ணையும் ஒப்பிட்டார். 1827இல் வெளிவந்த அவருடைய நூலை உடனே மதித்தோர் சிலரே. 1841இல் இலண்டன் வேத்தியற் கழகம் அவருக்குக் கொப்லிப் பதக்கம் வழங்கியது.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விடைக்குப் புள்ளி வழங்கும்போது, அதனை வேறு வழியாற் சோதித்தமைக்கும் ஒரு புள்ளி வழங்குங்கள். தன் விடையைத் தானே ஐயுற்று ஆராயும் பழக்கம் மாணவனுக்கு அதனால் வாய்க்கும்.