அப்பாவின் கைக்கு ஒரு பிரஷ் பிடி
(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன், நடுவட்டம்)



எங்கள் ஊர் நடுவட்டம். ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கும் சாலையில் இருக்கிறது. ஒரு காலத்தில் சிங்கோனா பட்டையிலிருந்து மலேரியாவுக்கான கொய்னா மருந்து எடுத்த ஊர். இன்று சுற்றிலும் தேயிலை. அப்பா, அம்மா இருவரும் எஸ்டேட் தொழிலாளிகள். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். சேர்ந்த நாளிலிருந்து அப்பா ஒரே கேள்வியைக் கேட்பார்: "தம்பி, அங்க என்னதாம்பா சொல்லித் தர்றாங்க?" "லேத், வெல்டிங், டிராயிங்" என்பேன். தலையாட்டுவார். அவருக்குப் புரியவில்லை என்பது எனக்குத் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் கவாத்து வெட்டும்போது கத்தி பட்டு, அப்பாவின் வலது கை ஆள்காட்டி விரல் மடங்காமல் போய்விட்டது. ஷேவிங் செய்யும்போது சோப்பு நுரையில் பிளாஸ்டிக் பிரஷ் வழுக்கி விழும். "வயசானவனுக்கு என்னப்பா அழகு" என்று பல நாள் தாடியோடு இருந்துவிடுவார். அந்தப் பிரஷ்ஷுக்கு மரத்தில் ஒரு பிடி கடைந்தால் என்ன என்று தோன்றியது. செய்த விதத்தை எழுதுகிறேன், நீங்களும் செய்யலாம்.

கடைசல் என்பது

நாம் 'டர்னிங்' என்பதைத்தான் நம் ஊர்களில் கடைசல் என்கிறார்கள். அம்பாசமுத்திரம் மரச்சொப்பு, கர்நாடகாவின் சென்னபட்டணா பொம்மை, வீட்டுக் கட்டில் கால், எல்லாம் கடைசல் வேலைதான். நம் ஒர்க்‌ஷாப் லேத்தில் மரம் போட சார் சம்மதிக்கவில்லை. அது நியாயம்தான். மரத்தூள் பெட்டின் மேலுள்ள எண்ணெயை உறிஞ்சி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; நம் மலை மூடுபனியில் துரு ஏற அது போதும். ஆகவே கூடலூரில் கட்டில் கால் கடையும் ஒரு பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். அங்கிருந்த ஆசாரி அண்ணன்தான் உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

அளவு

சாதாரண பிரஷ் பிடி 50 முதல் 60 மி.மீ. உயரம் இருக்கும். ஆனால் அப்பா கைக்கு என்ன அளவு? பிசைந்த களிமண்ணை அவர் கையில் கொடுத்து, "பிரஷ் பிடிக்கிற மாதிரி பிடிங்கப்பா" என்றேன். காய்ந்ததும் வெர்னியர் வைத்துப் பார்த்தேன். அடிவயிறு 38 மி.மீ., இடுப்பு 26 மி.மீ. பழைய பிளாஸ்டிக் பிரஷ்ஷின் இடுப்பு 18 மி.மீ.தான்! வழுக்கியதில் என்ன ஆச்சரியம்? அதன்பின் டிராயிங் ஷீட்டில் முழு அளவில் வரைந்துகொண்டேன்.

மரம்

காட்டு மரத்தில் கை வைக்கவில்லை. விறகுக்கு வந்த பழைய தேயிலைக் கட்டை ஒன்றை எடுத்தேன். தேயிலை மரம் கெட்டியானது, நெருக்கமான ரேகை உள்ளது. ஆனால் முதல் கட்டையைப் பச்சையாகவே கடைந்துவிட்டேன். ஒரே வாரத்தில் விரிசல் விட்டது. மரம் காயும்போது ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அதிகமாகச் சுருங்கும். நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் ஏறக்குறைய அதில் பாதிதான் சுருங்கும். இந்த இழுபறியில்தான் மரம் வெடிக்கிறது. அடுத்த கட்டையின் நடுத்தண்டை ஒதுக்கி அறுத்து, இரு முனையிலும் மெழுகு பூசி, அடுப்புக்கு மேல் பரணில் போட்டேன். வாரம் ஒருமுறை மளிகைக் கடைத் தராசில் எடை பார்த்தேன். எடை குறைவது நின்ற பிறகே லேத்தில் ஏற்றினேன்.

வேகம்

தேர்வுக்கு மனப்பாடம் செய்த சூத்திரம் இங்கே உதவியது. வெட்டு வேகம் = 3.14 × விட்டம் × சுற்று ÷ 1000. மைல்டு ஸ்டீலுக்கு ஹைஸ்பீடு டூலில் நிமிடத்துக்கு சுமார் 30 மீட்டர் என்றால், 50 மி.மீ. தண்டுக்கு ஏறக்குறைய 190 சுற்று வரும். அதே விட்டமுள்ள மரத்தை 1000 சுற்றில் ஓட்டினோம். வெட்டு வேகம் 157 மீட்டர். மெதுவாக ஓட்டினால் மரம் நார் நாராகப் பிய்யும்.

ஒரு எச்சரிக்கை. மலையில் நாம் ஸ்வெட்டரும் மப்ளரும் போட்டே திரிகிறோம். லேத் பக்கம் போகுமுன் மப்ளரைக் கழற்றிவிடுங்கள். சக் சாவியைச் சக்கில் விடாதீர்கள். மோட்டார் போடுமுன் கட்டையைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.

கடைதல்

இரண்டு சென்டருக்கு நடுவே கட்டையை மாட்டி, குழி உளியால் உருளையாக்க வேண்டும். பிறகு ஒரு முனையைச் சக்கில் பிடித்து, மறுமுனையில் முடிக்கட்டுக்கான துளை போட வேண்டும். பிளாஸ்டிக் பிரஷ்ஷின் பிடியை ஹேக்சாவால் அறுத்து எடுத்த நைலான் முடிக்கட்டின் அடி 20 மி.மீ. இருந்தது. துளை 20.5 மி.மீ., ஆழம் 12 மி.மீ. நம் பாடத்தில் வரும் கிளியரன்ஸ் ஃபிட்தான். இடைவெளியை அரால்டைட் நிரப்பும். அதன்பிறகே வயிறும் இடுப்பும் கடைய வேண்டும். உருவம் வந்ததும் உப்புத்தாள் தேய்த்து, கடைசியில் அறுத்து எடுக்கலாம்.

விலங்கு முடி ஏன் போடவில்லை என்று கேட்கலாம். முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகச் சுத்தம் செய்யாத முடியில் செய்த ஷேவிங் பிரஷ்களால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலருக்கு ஆந்த்ராக்ஸ் நோய் வந்தது. வீட்டில் செய்பவருக்கு நைலானே நல்லது.

பாலிஷ்

இதிலும் தவறு செய்தேன். பளபளப்புக்காக பிரெஞ்சு பாலிஷ் போட்டேன். பத்தே நாளில் வெளுத்துப் பிசுபிசுத்தது. அந்தப் பாலிஷ் அரக்கு. காரத்தில் கரையும், சூட்டில் இளகும். ஷேவிங் சோப்பு காரம், தண்ணீரோ வெந்நீர்! சென்னபட்டணாவில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வுச் சூட்டிலேயே நிறம் ஏற்றுகிறார்கள். பொம்மைக்கு அது பொருந்தும், பிரஷ்ஷுக்குப் பொருந்தாது. மறுபடி தேய்த்து, பாலியூரித்தேன் வார்னிஷ் மெல்லியதாக ஐந்து கோட் கொடுத்தேன். ஒரு கோட் காய மழைக்காலத்தில் இரண்டு நாள் ஆயிற்று.

ஒரு ஞாயிறு காலை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி முன் உட்கார்ந்து நுரை போட்டார். பிரஷ் ஒருமுறைகூட விழவில்லை. முகம் துடைத்துவிட்டு, பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதத்தான் அங்க சொல்லித் தர்றாங்களா?"

"ஆமாப்பா, இந்த மாதிரிதான்."

மறுநாள் பக்கத்து லைனில் இருக்கும் பெரியப்பாவிடம் அதைக் காட்டி, "அளவெடுத்து செஞ்சிருக்கான்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வியைக் கேட்கும் ஒருவர் இருப்பார். அவர் கையின் அளவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வரைபடம் வேண்டுமானால் என்னிடம் வாருங்கள், தருகிறேன். பெரியப்பாவும் ஒரு பிரஷ் கேட்டிருக்கிறார்; இப்போது பரணில் அடுத்த கட்டை காய்ந்துகொண்டிருக்கிறது.